237 என்று தொடங்கும் வண்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் 1968 ஜிடிஓவைப் பற்றிய கட்டுரையைப் படித்த பிறகுதான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. போன அக்டோபரில் ஒரு பெரியவரிடம் 1967 பான்டியாக் ஜிடிஓ ஒன்றை வாங்கினேன். ஓடும் நிலையில் இல்லை, டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம். பானட்டில் காற்றுத் துவாரம் மாதிரி ஸ்கூப், பக்கவாட்டில் ஜிடிஓ எழுத்து, கறுப்பு வினைல் கூரை, எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்து டிரைவர் கதவைத் திறந்து, கீல் பக்கம் இருக்கும் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் எண் 237177P என்று தொடங்குகிறது. 242 என்று தொடங்கினால்தான் ஜிடிஓவாம். 237 என்றால் லெமான்ஸாம், அதே உடம்பில் வந்த சாதாரண வகை. உள்ளே இருப்பதும் 326 கன அங்குல என்ஜின்தான். ஜிடிஓ விலை கொடுக்கவில்லை. ஆனால் லெமான்ஸுக்கு நான் கொடுத்தது அதிகம்.

தெரிந்தவர் ஒருவர், "என்னிடம் 400 என்ஜின் இருக்கிறது, மாட்டிவிட்டால் ஜிடிஓவேதான்" என்கிறார். இன்னொருவர், பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கி, கடைசி போல்ட் வரை கழற்றிச் செய்தால்தான் அது ரெஸ்டரேஷன் என்கிறார். என் மனைவியோ, "ஓடாத காருக்கு எந்தப் பேர் இருந்தா என்ன?" என்கிறாள். நான் ஏமாந்துவிட்டேனா? என்ன செய்யட்டும்?

க., டிராய், மிச்சிகன்

*

அன்புள்ள க.,

முதலில் உங்கள் மனைவி சொன்னதை ஒரு தாளில் எழுதி கராஜ் சுவரில் ஒட்டுங்கள். நான் எழுதப்போவது அதற்கு ஓர் உரை, அவ்வளவுதான்.

ஏமாந்தீர்களா என்றால், கொஞ்சம். ஆனால் அந்தப் பெரியவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஜிடிஓ எழுத்தும் ஸ்கூப் வைத்த பானட்டும் இன்று தபாலில் வரவழைக்கக் கூடியவை. எப்போதோ ஒரு பையன் ஆசைக்கு மாட்டியிருப்பான். மூன்று கை மாறுவதற்குள் அது ஜிடிஓ ஆகியிருக்கும். உங்களுடையது 67 என்பதால் எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது. 64, 65 மாடலாக இருந்தால் அதுவும் கிடையாது. அந்த இரண்டு வருடங்களும் ஜிடிஓ என்பது டெம்பெஸ்ட் என்ற வரிசையின் லெமான்ஸ் வண்டியில் கூடுதல் காசுக்குச் சேர்த்துக்கொள்ளும் ஒரு தொகுப்புதான். தகட்டில் இருக்கும் வின் எண்ணில், அதாவது வண்டியின் அடையாள எண்ணில், அது தெரியாது. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்குப் பணம் கட்டி, தொழிற்சாலை ரசீதின் நகலை வாங்கிப் பார்த்தால்தான் உண்டு. 66இல் தனி வரிசையான பிறகே 242 வந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த வேடிக்கை இருக்கிறது. 400 என்ஜினை மாட்டச் சொல்லும் உங்கள் நண்பர் புதிதாக எதையும் சொல்லவில்லை. ஜிடிஓ பிறந்ததே அப்படித்தான். நடுத்தர அளவு வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் கூடாது என்று பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் தலைமை விதி வைத்திருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும், பெரிய வண்டிக்கான 389 என்ஜின் சிறிய டெம்பெஸ்டில் அப்படியே உட்காரும் என்று கண்டார்கள். 326 ஆனாலும் 389 ஆனாலும் வெளியளவு ஒன்றுதான், மவுன்ட்டும் ஒன்றுதான். புது மாடல் என்று சொன்னால்தானே மேலே அனுமதி கேட்க வேண்டும்? 300 டாலருக்குச் சற்றுக் குறைவான ஒரு 'கூடுதல் வசதி' என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பெயரை ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், கேட்காமலே. 5,000 விற்றால் பெரிது என்று விற்பனைப் பிரிவு நினைத்தது. 1964இல் விற்றது 32,450.

ஆக, "டிலோரியன் செய்ததை நான் செய்தால் என்ன தப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம், தப்பில்லை. வாரக் கடைசியில் ஓட்டிப் பார்க்கும் ஆசைக்கு என்றால் 455கூடப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டே நிபந்தனை. அந்த 237 தகட்டில் கை வைக்கக் கூடாது. அதைக் கழற்றுவதும் மாற்றுவதும் இங்கே ஃபெடரல் குற்றம். இரண்டாவது, நாளைக்கு விற்கும்போது வாங்குபவரிடம் முதல் வாக்கியமாக "இது லெமான்ஸ்" என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு இப்போது இருக்கும் வயிற்றெரிச்சலை இன்னொருவருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் 326ஐ விடவே மாட்டேன். அந்த வருட ஜிடிஓவின் 400க்கு 335 குதிரைத்திறன், உயர்ரக வகைக்கு 360. உங்களுடையது சாதாரண இரட்டைக்குழல் கார்புரேட்டர் வகை என்றால் 250தான். காகிதத்தில் பரிதாபமாகத் தெரியும். ஆனால் 400இன் கம்ப்ரெஷன் விகிதம் பத்தரைக்கு மேல். இன்றைய பெட்ரோலில், விலை கூடியதைப் போட்டாலும், மேடு ஏறும்போது டக்டக்கென்று தட்டும். 326க்கு 9.2. பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் முனகாமல் போகும். நீங்களோ ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போகிறவர்.

அந்த ஸ்கூப்பை நினைத்தும் ரொம்ப உருக வேண்டாம். அசல் ஜிடிஓக்களிலேயே அது பெரும்பாலும் அடைத்த துவாரம். காற்றெல்லாம் போகாது, வெறும் அலங்காரம்.

ஜிடிஓவுக்கு இங்கே செல்லப்பெயர் 'கோட்', நம்ம ஆடு. அதனாலோ என்னவோ, என்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு "பாவம், நல்ல வண்டி, அதை முழு ஜிடிஓ ஆக்கிவிடுங்கள்" என்று ஒருவர் வருத்தப்படும்போது ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

சரி, இரண்டாவது ஆளுக்கு வருவோம், கடைசி போல்ட் வரை கழற்றச் சொன்னவருக்கு. இவரைக் கண்டுதான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் நானே அவராக இருந்திருக்கிறேன். பான்டியாக்கை மூடப்போவதாக 2009 ஏப்ரலில் அறிவித்தார்கள். அந்தக் கோடையிலேயே, துக்கம் விசாரிக்கப் போனவன் மாதிரி, 68ஐ வாங்கினேன். மூன்றே வாரக் கடைசிகளில் முழுக்கப் பிரித்துவிட்டேன். பிரிப்பது அவ்வளவு சுகம். ஒவ்வொரு போல்ட் கழலும்போதும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருக்கும். திரும்பப் பூட்ட ஆறு வருடம் ஆனது. ஐஸ்கிரீம் டப்பாக்களில் போல்ட்டுகளைப் போட்டுவைத்தேன், எந்த டப்பா எந்த இடத்துக்கு என்று எழுதாமல். "இது மறக்குமா?" என்ற நம்பிக்கை. ஒரு நவராத்திரிக்கு என் மனைவி அந்த உதிரிப்பாகப் பெட்டிகளையே அடுக்கி, மேலே வேட்டியை விரித்துக் கொலுப்படி ஆக்கிவிட்டாள். செட்டியார் பொம்மை உட்கார்ந்திருந்தது டைமிங் கவர் மேல்.

அரைகுறையாக விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளின் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். "90 சதம் பாகங்கள் பெட்டிகளில் உள்ளன" என்று இருக்கும். துருப்பிடித்துச் செத்த வண்டிகளுக்கு இணையாக, இப்படிப் பெட்டிக்குள் செத்தவையும் உண்டு. அதனால், ஒரு சமயத்தில் ஒரு பகுதி. அது முடிந்து வண்டி நகர்ந்த பிறகு அடுத்தது. கழற்றும் முன் போன் கேமராவில் நாலு படம், பையின் மேல் பேனாவால் பெயர்.

முதல் பகுதி எது என்றும் சொல்லிவிடுகிறேன். பின்கண்ணாடி. நீங்கள் பெயரைப் பார்த்து வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் உங்கள் கடிதத்தில் பார்த்துப் பயந்த சொல் 'வினைல் கூரை'. இந்த உடம்பமைப்பில் பின்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பளபளப்புப் பட்டையின் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். கண்ணாடியின் கீழ்விளிம்புத் தகடு உள்ளிருந்து அரிக்கும். அப்புறம் அந்த ஓட்டை வழியே தண்ணீர் டிக்கிக்குள் சொட்டி, டிக்கித் தளமும் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் தகடும் போகும். (இத்தனை வருடம் இங்கே இருந்தும் டிரங்க், ஹூட் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.) மேலே வினைல் ஒட்டியிருந்தால் ஈரம் அதனடியிலும் தங்கும், துரு வெளியே தெரியாது. தோட்டத்துக் குழாயை எடுத்துப் பின்கண்ணாடி மேல் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, டிக்கிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி, பின்சக்கர வளைவைச் சுற்றி நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான்.

மிச்சிகன் வண்டி வேறு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, ஓர் உப்புச் சுரங்கம் ஓடுகிறது. அதில் வெட்டும் உப்புதான் குளிர்காலத்தில் சாலையில் பனி உருகக் கொட்டப்படுகிறது. இத்தனை கார்களைச் செய்த ஊர், அவற்றைத் தின்னும் உப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

என் வண்டியைப் பெயின்ட் அடிக்கக் கொடுத்த பட்டறை பதினான்கு மாதம் வைத்திருந்தது. திரும்பி வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது வருடம் பின்கண்ணாடிக்குக் கீழே அம்மைக் கொப்புளம் மாதிரி பெயின்ட் எழும்பியது. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யாமல் மேலேயே பட்டியைப் பூசியிருக்கிறார்கள். ஆகவே டிங்கரிங் நடக்கும்போது, பெயின்டுக்கு முன், நேரில் போய் வெறும் தகட்டைப் பாருங்கள். பார்க்க விடாத பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

தகட்டு வேலைக்கு ஆள் கிடைக்கும் வரை, ஓடவும் நிற்கவும் வேண்டியதைச் செய்யுங்கள். நிற்பதிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் 67இல் இரண்டு பிரிவான மாஸ்டர் சிலிண்டர் இருக்கும், முந்தைய வருட வண்டிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் பிடிக்கும். ஆனாலும் நாலு வீல் சிலிண்டரையும் ரப்பர் குழாய்களையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். பெட்ரோல் குழாய்களும் அப்படியே. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரைக் கூழாக்கிவிடும், சூடான என்ஜின்மேல் ஒழுகினால் தீதான். எண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இப்போதைய ஆயில்களில் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள், அந்தக் காலத்து கேம்ஷாஃப்ட் அது இல்லாமல் தேய்ந்துபோகும். பழைய என்ஜினுக்கென்று தனியாக விற்பதை வாங்குங்கள். குரோம் பூச்சுப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். விலை கேட்டால் மயக்கம் வரும்.

ஜிடிஓ எழுத்துகளை எடுத்துவிடச் சொல்வீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: எடுத்துவிடுங்கள். லெமான்ஸ் என்ற எழுத்தும் கிடைக்கிறது. 67இல் 81,722 ஜிடிஓ செய்தார்கள், அதில் பலதை மக்கள் கோயில் தேர் மாதிரி காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கூட நின்ற லெமான்ஸ்களைத்தான் ஜிடிஓ ஆக்குகிறேன் என்று அறுத்துத் தீர்த்துவிட்டார்கள். பின்னே, நீங்கள் எழுதிய 237177Pயின் கடைசியில் இருக்கும் P என்ன தெரியுமா? பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலை. ஆடி வெள்ளிக்குக் கருமாரியம்மனைப் பார்க்க நீங்கள் போகும் அதே ஊர். வண்டி ஓட ஆரம்பித்ததும் முதல் எலுமிச்சம்பழத்தை அங்கேயே நசுக்கலாம்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் டிரீம் க்ரூஸ், பழைய கார்களின் ஊர்வலம். நான் 68ஐ ஓரமாக நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலியில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருப்பேன். இந்த வருடம் உங்கள் வண்டி வராது, நீங்கள் மட்டும் வாருங்கள். அதற்கு முன் அந்தத் தண்ணீர்க் குழாய்ச் சோதனையைச் செய்துவிட்டு டிக்கியின் படங்களை அனுப்புங்கள். பெயின்ட் என்ன நிறம் என்பதெல்லாம் அதைப் பார்த்த பிறகு பேசலாம்.