கோயில் கொடைத் திருவிழாவில் பதிவு செய்து, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் வேலை செய்யும் வில்லுப்பாட்டை பேக்கப் எடுக்க, புது ஹார்ட் டிஸ்க்கை எப்படித் தயார் செய்வது?

ரீப்பரில் வேலை செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சரி, முதலில் ஃபார்மட், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை.

விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் செருகுவீர்களென்றால் எக்ஸ்ஃபேட். ஆனால் 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால் அதில் ஃபைல் கெட வாய்ப்பு அதிகம். ஃபேட்32 வேண்டவே வேண்டாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ மணிக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும். நம் ஊர்க் கொடையோ விடிய விடிய நடக்கும்.

பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். ரீப்பர் சேமிக்கும் புராஜெக்ட் ஃபைலான ஆர்பிபிக்குள் ஒலி இருக்காது. எந்த வேவ் ஃபைல் (ஒலி இருக்கும் ஃபைல்) எங்கே கிடக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். அதை மட்டும் காப்பி செய்தால் உடுக்கையும் வராது, குடமும் வராது. 'சேவ் புராஜெக்ட் ஆஸ்' போய், மீடியா எல்லாவற்றையும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் காப்பி செய்யும் ஆப்ஷனை டிக் செய்யுங்கள். அப்புறம் அந்த ஃபோல்டரை முழுதாக டிஸ்க்குக்கு மாற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து கேளுங்கள். ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் ஃபைலாக ரெண்டர் செய்தும் (எஃபெக்ட் எல்லாம் சேர்த்து வெளியே எடுத்தும்) வையுங்கள். பத்து வருஷம் கழித்து எஃபெக்ட் கொடுக்கும் இன்றைய பிளகின் இருக்குமா, யார் கண்டது?

இரண்டு டிஸ்க்காவது வேண்டும். ஒன்று நாகர்கோவிலில் என்றால் மற்றது மார்த்தாண்டத்துச் சொந்தக்காரர் வீட்டில். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், கடற்காற்று வேறு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.