வீசத் தயங்கும் பயிற்சியாளர்: வாசகர் கேள்வி – பதில்

மகன் அயோவா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அதனால் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அவர்களுடைய அமெரிக்கன் ஃபுட்பாலைப் பார்க்கிறேன். பந்தை வீசவே மாட்டேன் என்கிறார்கள். கூட்டத்துக்குள் முட்டி இரண்டு கெஜம், மூன்று கெஜம். பயிற்சியாளருக்கு அவ்வளவு பயமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பயத்தைவிட இதில் கணக்கு அதிகம். வீசிய பந்து பிடிபடலாம், தரையில் விழலாம், எதிரணி பறிக்கலாம். மூன்றில் இரண்டு கெடுதல். 1951 முதல் 1978 வரை ஒஹாயோ ஸ்டேட் அணியை நடத்திய வுடி ஹேஸ் காலத்துக் கணக்கு இது. 1999-ல் அயோவாவில் பொறுப்பேற்ற கிர்க் ஃபெரன்ட்ஸும் அந்த வழிக்காரர்தான்.

10 கெஜம் நகர 4 வாய்ப்பு; ஒவ்வொன்றும் ஒரு ‘டவுன்’. உங்கள் அணி சொந்த 15-வது கெஜக் கோட்டில், அதாவது தன் கோல் கோட்டிலிருந்து 15 கெஜத்தில், நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓட்டத்தில் 6 கெஜம், மூன்றாவது வீண். நான்காவதில் பந்தை உதைத்து, அதாவது பன்ட் செய்து, 40 கெஜம் தள்ளிவிட்டால் எதிரணி உங்கள் கோல் கோட்டுக்கு இன்னும் 61 கெஜம் வர வேண்டும். அதே இடத்தில் வீசிய பந்து 25-வது கோட்டில் பறிபோனால்? எதிரணி ஓர் அடிகூட நகராமல் 42 கெஜத்திலிருந்து (கோல் கம்பம் கோட்டுக்கு 10 கெஜம் பின்னால், உதைப்பவர் 7 கெஜம் பின்னால்) உதைத்து 3 புள்ளி எடுத்துவிடும். தடுப்பாட்டம் பலமாக உள்ள அணிக்கு முதல் வழி நஷ்டமே இல்லை.

கடிகாரமும் உண்டு. வீசிய பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். களத்துக்குள்ளேயே பிடிபட்ட ஓட்டத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கும். எதிரணியிடம் டைம் அவுட் மிச்சமில்லை என்றால் மூன்று ஓட்டத்தில் கிட்டத்தட்ட 2 நிமிடம் கரைந்துவிடும். முன்னணியில் இருக்கும் கபடி அணி கோட்டோரம் 30 விநாடி ஆட்டம் காட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறதே, அதே புத்தி.

ஃபுட்பால் என்கிறார்கள், இதில் காலுக்கு என்னதான் வேலை?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பந்து உதைக்கும் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! பன்ட், ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி), ஆட்டத் தொடக்க உதை. அயோவாவின் டோரி டெய்லர், மெல்போர்ன்காரர், 2023-ல் நாட்டிலேயே சிறந்த பன்ட்டருக்கான ரே கை விருது வாங்கினார். பன்ட்டர் இவ்வளவு புகழ் வாங்குகிறார் என்றால் தாக்குதல் எத்தனை முறை மூன்று டவுனில் முடிந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கை பலமுள்ள இளைஞனை பெஞ்சில் வைத்துவிட்டு, சுமாரான சீனியரையே ஏன் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்காக இறக்குகிறார்கள்?
– கல்லூரி மாணவர், நெய்வேலி

இப்படிப்பட்ட பயிற்சியாளர் முதலில் பார்ப்பது, பந்தைப் பறிகொடுக்காதவன் யார் என்றுதான். 2002-ல் ஜிம் ட்ரெஸ்ஸலின் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு கிரெய்க் கிரென்ஸல் அப்படிக் கிடைத்தார். பர்டூவிடம் பின்தங்கி நின்றபோது, நான்காவது டவுனில் 1 கெஜம் தேவைப்பட்ட இடத்தில் 37 கெஜம் வீசி 10-6 என்று வென்றார்கள். 14 ஆட்டமும் வெற்றி, பட்டம். ஆகத் தேவையென்றால் ட்ரெஸ்ஸலும் வீசுவார். 2008-ல் தெற்குக் கலிஃபோர்னியாவிடம் 35-3 என்று அடிவாங்கியதும் சீனியரை உட்காரவைத்து, முதலாமாண்டு டெரல் ப்ரையரை இறக்கினார்.

ஆளுக்குப் பாதி என்று இருவரை மாற்றி மாற்றி இறக்குவது எங்களுக்கு ஒப்பாது. பயிற்சி நேரமும் பாதியாகும். பந்து எந்தக் கணத்தில் கையைவிட்டுக் கிளம்பும் என்பது ஓடிப் பிடிப்பவருக்குப் பழகாது.

இந்தக் கணக்கு உடைவது, ஓட்டத்தை மறிக்க எதிரணி 8 பேரை முன்னால் குவிக்கும்போது. ஓடுவதுபோல் பாவனை காட்டி, காலியான பின்பக்கத்தில் வீச வேண்டும். அதற்குத் தெம்பான கை இல்லையென்றால் மூன்றாவது டவுனில் எப்போதும் 8 கெஜம் பாக்கி நிற்கும். அயோவாவுக்கு 2023-ல் நடந்தது அதுதான். முதல் குவார்ட்டர்பேக் ஐந்தாவது ஆட்டத்தில் காயம்பட்டார். அணி ஆட்டத்துக்குச் சராசரி 15.4 புள்ளியே எடுத்தும், தடுப்பாட்டத்தின் புண்ணியத்தில் 10 வெற்றி. கடைசி இரண்டு ஆட்டம் 26-0, 35-0 தோல்வி. தாக்குதல் பயிற்சியாளராக இருந்த ஃபெரன்ட்ஸின் மகனுக்கு ஒப்பந்தத்தில் சராசரி 25 புள்ளி என்று நிபந்தனை போட்டிருந்தார்கள், வேலை போனது.

ஓட்டமா வீச்சா என்று டிவியிலேயே முன்கூட்டித் தெரியுமா?
– வாசகர், லாஸ்பேட்டை

பந்து கிளம்பும் முன் அதற்கு நேரெதிரே, நெருக்கமாக நிற்கும் தடுப்பாளர்களை எண்ணுங்கள். 8 பேர் நின்றும் இவர்கள் ஓடினால், பயிற்சியாளர் பன்ட்டை இப்போதே மனதில் எழுதிவிட்டார்.