டிரூபலா, வேர்ட்பிரஸ்ஸா? திருத்தப்போவது யார் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் இணையத்தளம் இன்னும் டிரூபல் 7 என்ற சிஎம்எஸ்ஸில்தான் (தளத்தின் பக்கங்களை ஏற்றித் திருத்த உதவும் மென்பொருள்) ஓடுகிறது. மேலதிகாரி இன்னொரு சிஎம்எஸ்ஸான வேர்ட்பிரஸ் போதும் என்கிறார், வெண்டரோ விலை உயர்ந்த சிஎம்எஸ் ஒன்றைக் காட்டுகிறார். எதை எடுப்பது?

பதில்: எதை எடுத்தாலும் சரி, முதலில் டிரூபல் 7-ஐ விட்டு வெளியே வாருங்கள். அதற்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2014 அக்டோபரில் அதில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தபோது நம் ஊரில் நள்ளிரவு. ஏழு மணி நேரத்துக்குள் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடாத தளங்களில் ஆள் புகுந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று டிரூபல்காரர்களே பிறகு சொன்னார்கள். அதாவது நாம் காலையில் கோப்பி குடிப்பதற்குள் கதை முடிந்திருக்கும். இப்போது அந்தப் பேட்சே இலவசமாக வராது.

7-இலிருந்து புதிய டிரூபலுக்குப் போவதும் சாதாரண அப்டேட் இல்லை. 2015-இல் வந்த டிரூபல் 8-ஐ அடியோடு மாற்றி எழுதினார்கள், பழைய தீமும் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) மாட்யூலும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) அதில் ஓடாது. எப்படியும் புதிதாகத்தான் கட்டப்போகிறீர்கள், ஆகவே மேலதிகாரி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

செய்தி, நிகழ்ச்சி, தொடர்பு விவரம் என்று நாலைந்து பக்கம்தான் என்றால் வேர்ட்பிரஸ் தாராளமாகப் போதும். ஆனால் ஒரு பேராசிரியரின் விவரம் துறைப் பக்கத்திலும் ஆய்வு மையப் பக்கத்திலும் பாடப்பிரிவுப் பக்கத்திலும் வரவேண்டும், அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தால் ஒரே இடத்தில் திருத்தினால் மூன்றிலும் மாறவேண்டும் என்றால், டிரூபல் அந்த மாதிரி வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். வேர்ட்பிரஸ்ஸிலும் முடியும், பிளகின் (அங்கே துணை நிரலுக்குப் பெயர்) மேல் பிளகின் போட்டு. ஒவ்வொன்றையும் அப்டேட் செய்ய ஆள் வேண்டுமே! அதைவிட, உங்கள் ஐடி பிரிவு பொதுவாக ஏதாவது நடத்துகிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டிரூபலை ஒரே இடத்திலிருந்து நடத்தித் துறைகளுக்குத் தளம் கொடுக்கிறார்கள், துறைக்காரர்கள் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

வெண்டரின் டெமோவை நம்பாதீர்கள், அவர் கை பழகிய கை. நாளை நிஜமாகத் திருத்தப்போகிற உங்கள் அலுவலகச் சகோதரியை உட்காரவைத்து, விண்ணப்பக் கடைசி நாளை மாற்றச் சொல்லுங்கள், பிறகு பழையபடி ஆக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் அந்த வேலைக்கே ஏழெட்டு கிளிக் வேண்டியிருந்தது, கடைசியில் எல்லோரும் அறிவிப்பைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். இத்தனைக்கும் வாங்கியது காஸ்ட்லி சிஎம்எஸ்! தமிழ்ப் பக்கம் இருந்தால் தேடலில் 'படிப்பு' என்று அடித்துப் பாருங்கள், 'படிப்பை', 'படிப்புக்கு' என்று இருக்கும் பக்கங்களும் வருகின்றனவா என்று. பல தளங்களில் வராது.

அப்புறம், பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் வேலையை டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். ஓப்பன் ஹவுஸுக்கு அச்சடித்த துண்டுப்பிரசுரத்தில் இருக்கும் க்யூஆர் கோடு பழைய முகவரிக்குத்தான் போகும்.