பல மரம் கண்ட தச்சன்

வணக்கம் அண்ணா,

அமெரிக்க வீராங்கனை பேப் டிட்ரிக்சன் பற்றி நீங்கள் எழுதிய சின்னக் குறிப்பை வாசித்தேன். கூடைப்பந்து, மெய்வல்லுநர், கோல்ப் மூன்றிலும் ஒரே பெண் வென்றார் என்பதை நம்பக் கஷ்டமாக இருந்தது. என் மகளுக்குப் பதினான்கு வயது. வலைப்பந்து விளையாடுகிறாள், உயரம் பாய்கிறாள், இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் சட்டவேலியும் ஓடுவாள். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். வலைப்பந்து வீராங்கனை தர்ஜினியைப் போல ஒன்றைப் பிடிக்கச் சொல்லுங்கோ" என்கிறார் அவளுடைய பயிற்றுநர். பேப் ஒரு தெய்வப் பிறவி, அவரை வைத்து எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்றுதான் எனக்கும் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள நண்பருக்கு,

பயிற்றுநர் அறியாமலே நல்ல பழமொழியாகப் பார்த்து எடுத்திருக்கிறார். பேப்பின் அப்பா நோர்வேயிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த தச்சர். தும்புத்தடியின் இரண்டு முனையிலும் இஸ்திரிப் பெட்டிகளை மாட்டி, பிள்ளைகளுக்குப் பாரம் தூக்கப் பழக்கியவர்.

தெய்வப் பிறவி என்ற பேச்சை விடுங்கள். டெக்சாஸில் போமொன்ற் என்ற ஊரில் அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு செடிவேலி. அக்கா லில்லி தெருவால் ஓடுவார், பேப் பக்கத்தால் ஒவ்வொரு வேலியாகப் பாய்ந்துகொண்டு போவார். ஒரு வீட்டு வேலி மட்டும் மற்றவற்றைவிட உயரம். பேப் நேரே போய் அந்த வீட்டுக்காரரிடம் வேலியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லிக் கேட்டார். அந்த மனுசனும் வெட்டிவிட்டார். (சட்டவேலி ஓட்டத்தை இந்தியாவில் தடை தாண்டும் ஓட்டம் என்கிறார்கள். வேலி பாய்ந்து பழகிய பேப்புக்கு எங்கள் சொல்தான் பொருத்தம்.)

1932 ஜூலையில் நடந்த அமெரிக்க மெய்வல்லுநர் போட்டிக்கு, அவர் வேலை செய்த காப்புறுதி நிறுவனம் அவர் ஒருவரை மட்டுமே 'அணி' என்று அனுப்பியது. ஒரே பின்னேரத்தில் எட்டு நிகழ்ச்சிகள். குண்டு போட்டு முடித்த கையோடு நீளம் பாய ஓட வேண்டும். ஆறில் முதலிடம், அதில் ஒன்று இன்னொருவரோடு பங்கிட்டது. தனி ஆளாக 30 புள்ளிகள். இரண்டாவதாக வந்த கழகத்தில் இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள், எடுத்தது 22 புள்ளிகள்.

அந்த மாதக் கடைசியில் தொடங்கிய லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீற்றர் சட்டவேலியிலும் தங்கம். உயரம் பாய்தலில் அவரும் ஜீன் ஷைலியும் ஒரே உயரம் பாய்ந்தார்கள், அதுவே உலக சாதனை. ஆனால் தலை முந்திப் போகும் பேப்பின் பாய்ச்சல் விதிக்குப் புறம்பானது என்று நடுவர்கள் சொல்லி வெள்ளியைக் கொடுத்தார்கள். அன்று முழுக்க அவர் அப்படித்தான் பாய்ந்துகொண்டிருந்தார்! கடைசிப் பாய்ச்சலில்தான் அவர்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது.

என் குறிப்பில் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பேப் ஆசைப்பட்டு மட்டும் விளையாட்டுக்கு விளையாட்டு தாவவில்லை. ஒலிம்பிக் முடிந்து சில மாதங்களிலேயே ஒரு கார் விளம்பரத்தில் அவருடைய பெயரும் படமும் வந்தன. நான் அனுமதி கொடுக்கவில்லை என்றார் அவர். மெய்வல்லுநர் சங்கம் அவரை இடைநிறுத்தியது, பிறகு அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. அதற்குள் அவருக்கு வெறுத்துவிட்டது, காசுக்கு விளையாடப் போய்விட்டார். போய் என்ன செய்வது? அந்தக் காலத்தில் ஒரு பெண் ஓடியும் எறிந்தும் சம்பாதிக்க வழியில்லை. மேடையில் ஹார்மோனிக்கா வாசித்தார். தாடி வளர்த்த ஆண்களின் பேஸ்போல் அணியோடு ஊர் ஊராகப் போய்ப் பந்தெறிந்தார். ஒலிம்பிக் தங்கம் இரண்டு வைத்திருந்தவர்.

கோல்ப் அப்புறம் வந்தது. நமக்குக் கோல்ப் என்றால் என்ன? பொரளைப் பக்கம் அந்த மைதானத்தின் நடுவால் களனிவெளி ரயில் போகும்போது ஜன்னலால் பார்ப்பதுதான். அமெரிக்காவிலும் அது பணக்காரர் விளையாட்டுத்தான். பேப் கை வெடிக்கும்வரை அடித்து அடித்துப் பழகினார். 1950இல் பெண்களுக்கான தொழில்முறை கோல்ப் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். வாசல் இல்லாத இடத்தில் தாங்களே ஒன்றை வெட்டினார்கள். 1953இல் குடலில் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை. அடுத்த வருடம் அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் கோல்ப் போட்டியை, இரண்டாவதாக வந்தவரைவிடப் பந்தை 12 தடவை குறைவாக அடித்து வென்றார். 1956இல் இறந்தபோது வயது 45.

ஆக, அவர் மரம் பார்த்துத் திரிந்த தச்சன் இல்லை. எந்த மரத்தடியில் நின்றாரோ அதை வெட்டி முடித்தார், அல்லது அங்கிருந்து துரத்தப்பட்டார். பெருமையடிப்பார், கூட விளையாடியவர்கள் பலருக்கு அவரைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி உங்கள் மகள். பதினான்கு வயதில் எனக்கும் ஒரு சேர் இதையே சொன்னார். உதைபந்தை விட்டுத் துடுப்பாட்டத்துக்குப் போனேன். இரண்டு வருடம் தண்ணீர்ப் போத்தல் தூக்கினேன். அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை, அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள். சாதாரண தரப் பரீட்சை வருகிறபோது டியூசனும் பஸ்சும் சேர்ந்து ஒன்றைத் தாமாகவே பிடுங்கிவிடும். அதற்கு முன்னால் நாம் ஏன் பிடுங்க வேண்டும்?

ஒரு இடத்தில் பயிற்றுநர் பக்கம் நியாயம் இருக்கிறது. வலைப்பந்தும் உயரம் பாய்தலும் இரண்டுமே முழங்காலைத் தின்னும். ஒரே நாளில் இரண்டையும் பழக விடாதீர்கள். கிழமையில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். நோகிறது என்று சொன்னால் எண்ணெய் பூசிவிட்டு அனுப்பாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாம் எழுதினீர்கள், மகள் எவ்வளவு உயரம் பாய்கிறாள் என்பதை எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் அதைச் சொல்லுங்கள்.