பெருந்தொற்று நேரத்தில் குழந்தை மருத்துவர்களைப் பெரியவர்கள் வார்டுக்கு எப்படித் தயார்படுத்துவது?

2020-ல் கொரோனா வார்டுக்கு ஆள் போதாமல் குழந்தை மருத்துவர்களான எங்களையும் கூப்பிட்டார்கள். அதற்கு முன் பெரியவர்களுக்கு நான் மருந்து எழுதியது ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதுதான்.

அரை நாள் வகுப்பு, இரண்டு பக்க மருந்துப் பட்டியல். பட்டியல் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியாத விஷயங்களைவிட, கைக்குப் பழகிப்போன விஷயங்களே அதிகம் காலை வாரின.

எங்களுக்கு எல்லாமே எடைக் கணக்கு. பாரசிட்டமால் என்றதுமே கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று மனசு பெருக்கத் தொடங்கிவிடும். 90 கிலோ ஆளுக்கு அப்படிப் பெருக்கினால் 1350. ஒரு வேளைக்கு 1000 தாண்டக்கூடாது. கொரோனாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன், ஆள் எந்த எடையானாலும் தினம் 6 மில்லிகிராம்தான். இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும்.

வென்டிலேட்டரில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதற்குக் கிலோவுக்கு 6 மில்லி என்று கணக்கு. அப்பாடா, இது நம்ம ஏரியா என்று தராசு காட்டிய எடையால் பெருக்கினேன். பக்கத்தில் நின்ற பொது மருத்துவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அங்கே கிலோ என்பது உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையாம். உடம்பு பருத்தால் நுரையீரலும் சேர்ந்தா பருக்கும்? நான் போட்ட அளவு போயிருந்தால் நுரையீரல் காயப்பட்டிருக்கும்.

இன்னொன்று, மாத்திரைப் பை. சின்னப் பிள்ளைகளிடம் 'தினமும் என்னென்ன மாத்திரை?' என்று கேட்டே பழக்கமில்லை. முதல் நாளே ஒரு பெரியவர் சர்க்கரைக்கு, பிரஷருக்கு, ரத்தம் உறையாமலிருக்க என்று ஒன்பது வகை எடுத்து நீட்டினார். அவருக்கு ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் சர்க்கரை எகிறியது. அதே ஆளைப் பற்றி வீடியோ காலில் மகனிடம், "அப்பாவுக்கு எப்போதிலிருந்து இருமல்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். மாஸ்க்கை விலக்கிவிட்டு, "டாக்டரய்யா, இருமுறது நான். என்னைக் கேளுங்க" என்றார். பத்து வருஷமாக அம்மாக்களிடமே கேட்டுக் கேட்டு வந்த பழக்கம்!

அதனால் என் பதில் இதுதான்: வகுப்பைக் குறைத்து, குறைந்தது இரண்டு ஷிப்டாவது பொது மருத்துவரின் கூடவே நிற்க வையுங்கள். எடுத்தவுடன் ஐசியுவில் விடாமல், ஆக்சிஜன் மட்டும் தேவைப்படுகிற வார்டில் போடுங்கள். இதயம் நின்றுபோனால் என்ன செய்வது என்ற ஒத்திகை கட்டாயம் வேண்டும். குழந்தைகளுக்கு முக்கால்வாசி மூச்சு திணறித்தான் இதயம் நிற்கும், அதனால் எங்கள் கை முதலில் மூச்சு கொடுக்க அமுக்கும் ஆம்பு பையைத்தான் தேடும். பெரியவர்களிடம் இதயமே முதலில் தடுமாறலாம் என்பதால் ஷாக் கொடுக்கும் மெஷினையும் உடனே வரவழைக்க வேண்டும்.

நடுராத்திரியிலும் வெட்கப்படாமல் கூப்பிட ஒரு போன் நம்பர் கொடுங்கள். எனக்குக் கொடுத்த நம்பரை ஈசிஜி படிக்கத் தெரியாமல்தான் அதிகம் கூப்பிட்டேன்.