ஹீட், புகை, செத்த பேட்டரி: பழைய கார் கேள்வி பதில்

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய கார்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். "வண்டி சரியில்லை, என்ன பண்ணலாம்?" என்று ஒரே வரியில் கேட்டவர்களுக்கு என்னாலும் ஒரு வரிக்கு மேல் சொல்ல முடியாது. என்ன வண்டி, எந்த வருடம், தொல்லை வருவது எஞ்சின் ஆறியிருக்கும்போதா, சூடேறிய பிறகா, மேட்டிலா, சமதரையிலா என்று எழுதியவர்களுக்குத்தான் பதில் இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து, மாருதி ஆல்ட்டோ 2008:
அண்ணா, வணக்கமுங்க. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவில் பத்தைத் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிட்டார். அப்படியும் நிற்கவில்லை. இப்போது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போயிருக்கும், ஹெட்டை இறக்கிப் பார்த்துவிடலாம் என்கிறார். இறக்கலாமுங்களா?

பதில்:
இப்போதைக்கு வேண்டாமுங்க. ஹீட் எப்போது ஏறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன், ஃபேன் ரிலே, ஃப்யூஸ் இவற்றைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஏறுவது எஞ்சின் பாரம் இழுக்கும்போது. அப்படியென்றால் எஞ்சினின் சூட்டை ரேடியேட்டரால் வெளியே தள்ள முடியவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு முதல் சந்தேகம் போர் தண்ணீர்தான். கூலன்ட் குறைந்தால் தோட்டத்துப் பைப்பில் பிடித்து ஊற்றிவிடுகிறோம். காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே குழாய் வாயில் வெள்ளையாகவோ செங்கல் நிறத்திலோ படிவு தெரிந்தால் அது டீக்கடை பாய்லரில் படிகிற அதே உப்புதான். அப்புறம் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, ஃபேன் நின்ற பிறகு ரேடியேட்டரின் முகப்பில் பல இடங்களில் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஓரிடம் கொதித்து, பக்கத்தில் ஒரு பகுதி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பகுதிக் குழாய்கள் அடைத்துவிட்டன. பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் என்றால் கழுவி நேரத்தை வீணாக்காமல் மாற்றிவிடுவது நல்லது.

வெளிப்பக்கத்தையும் விடாதீர்கள். பொள்ளாச்சி வண்டிகளில் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தென்னை நார்த் தூள் போர்வை மாதிரி அப்பியிருக்கும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிப் போகும்.

மூன்றாவது, ரேடியேட்டர் மூடி. அதைச் சும்மா மூடி என்று நினைக்கிறார்கள். அதில் 0.9 என்று எழுதியிருந்தால் உள்ளே அவ்வளவு பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 118 வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஹெட்டை இறக்கும் செலவோடு பார்த்தால் மிகச் சின்னச் செலவுதான்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அது 82 டிகிரி சுமாருக்குத் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விட வேண்டிய கதவு. சந்தேகம் இருந்தால் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துப் பாருங்கள். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது. அதை எடுத்துவிட்டால் சமதரையில் எஞ்சின் சூடேறவே நேரமாகும். இன்னும் குளிராக இருக்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், மைலேஜ் விழும். "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு தேவையில்லை" என்கிற பேச்சைக் கோயம்புத்தூர் முதல் கரூர் வரைக்கும் எல்லாப் பட்டறையிலும் கேட்கலாம். வெளியே 38 டிகிரி என்றாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கேஸ்கட். அதையும் இறக்காமலே பார்க்கலாம். ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்தால், முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழிகள் போக, நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருக்கிறதா? ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைக்கிறதா? ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியில் பால் காபி நிறம் தெரிகிறதா? எதுவும் இல்லையென்றால் ஹெட் பக்கம் போகவே வேண்டாம். இருந்தால் இறக்குங்கள். இறக்கியபின் புது கேஸ்கட்டை வைத்து மூடிவிடாமல், நேர் சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். மாருதியின் சிறிய எஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. தாண்டினால் லேத்தில் கொடுத்துப் பேஸிங் போட்டு மட்டமாக்க வேண்டும். லேத்துக்கு நம் ஊரில் பஞ்சமா?

கோயம்புத்தூரிலிருந்து, வேகன் ஆர் 2009:
ரேடியேட்டருக்குச் சிறுவாணித் தண்ணீர் ஊற்றலாமா? அதில் உப்பே இல்லை என்கிறார்களே.

பதில்:
போர் தண்ணீருக்குச் சிறுவாணி எவ்வளவோ மேல், வழியில் மாட்டிக்கொண்டால் தாராளமாக ஊற்றுங்கள். ஆனால் துரு பிடிக்காமல் காப்பது தண்ணீரின் வேலை இல்லை, கூலன்ட்டின் வேலை. பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் நிரந்தரம். சிறுவாணியைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள் அம்மணி.

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து, மாருதி 800, 2004:
வண்டி தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) நிற்கும். மூன்று நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுக்காது, 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வரும். பேட்டரி புதிதாகப் போட்டும் அதே கதை. ஆல்டர்னேட்டர் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்:
தினமும் ஓட்டினால் தொல்லை இல்லை, நின்றால்தான் தொல்லை என்றால் ஆல்டர்னேட்டரை ஏன் குறை சொல்ல வேண்டும்? இருந்தாலும் ஒரு மல்டிமீட்டர் வாங்கி அதையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. நிறுத்தி ஒரு ராத்திரி கழித்து 12.6 பக்கம் இருக்க வேண்டும். 12.0 என்றால் ஏறக்குறைய காலி.

இனி திருடனைப் பிடிப்போம். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அரை ஆம்பியர் காட்டுகிறது என்று வையுங்கள். 35 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி அதற்கு 70 மணி நேரம்தான் தாங்கும், உங்கள் மூன்று நாள் கணக்கு ஒத்துவருகிறது பாருங்கள். அப்புறம் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. 800-களில் பெரும்பாலும் வாங்கிய பிறகு வெளியே மாட்டிய ஸ்டீரியோவோ சென்ட்ரல் லாக்கோதான். கடைக்காரர் ஃப்யூஸ் பாக்ஸுக்கே போகாமல் நேராகப் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருப்பார். அதனால் அந்த ஒயரைத் தனியாகக் கழற்றிப் பாருங்கள்.

சாளை என்று சொன்னதால் இன்னொன்று. எலி. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். நிலக்கடலைத் தோல் கிடந்தால் ஒயரையும் கடித்திருக்கும். பானெட்டைத் திறந்தே வைத்தால் எலி அண்டாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் செய்வார்கள், இருட்டு இல்லாத இடத்தில் அது கூடு வைக்கத் தயங்குவது உண்மைதான்.

'டிக் டிக்' சத்தத்துக்குப் பேட்டரி மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கழற்றிச் சமையல் சோடா கலந்த சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து மாட்டுங்கள். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் போல்ட்டையும் துரு சுரண்டி முடுக்குங்கள்.

திருப்பூரிலிருந்து, சான்ட்ரோ 2006:
காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சின் வேலை செய்ய வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள்.

பதில்:
ராத்திரி நின்ற வண்டி காலையில் மட்டும் புகைந்தால் ரிங்கை விட வால்வ் சீல் மீதுதான் சந்தேகம். மேலே நிற்கும் ஆயில் இறுகிப்போன சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கி, காலையில் எரிகிறது. ரிங் போனால் ஆக்சிலரேட்டர் மிதித்து ஏறும்போதெல்லாம் பின்னால் புகை வரும்.

உறுதி செய்ய கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளந்து பார்ப்பது. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஸ்பார்க் பிளக் துளை வழியாக விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட். வால்வ் சீல் மட்டும்தான் என்றால் ஹெட்டை இறக்காமலே, சிலிண்டருக்குள் கம்ப்ரசர் காற்றைக் கொடுத்து வால்வைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கைக்காரரைத் தேடுங்கள். போகிற போக்கில் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டு வையுங்கள். பதில் வராவிட்டால் மாற்றாதது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து, மாருதி ஆம்னி 1998, கார்பரேட்டர்:
இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் போட்ட பிறகு காலையில் இழுவை இல்லை, மைலேஜும் குறைந்திருக்கிறது. இது மனப்பிரமையா?

பதில்:
பிரமை இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சூடு, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதவீதம் கலந்தால் சுத்த பெட்ரோலோடு பார்க்க ஆறு ஏழு சதவீதம் சக்தி குறையும், இது வெறும் கணக்கு. கம்ப்யூட்டர் இருக்கும் வண்டி அதைக் கொஞ்சம் சமாளித்துக்கொள்ளும். உங்கள் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவு நிலையானது, அதனால் மிக்சர் பெட்ரோல் குறைந்ததாகிவிடுகிறது. தெரிந்தவரிடம் டியூனிங் செய்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் ரப்பர் ஹோஸ்கள். அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலுக்குச் செய்ததில்லை, ஊறி உப்பும் அல்லது வெடிக்கும். ஆம்னியில் எஞ்சின் உங்கள் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி ஹோஸை மடக்கிப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் எல்லாவற்றையும் கிளிப்போடு சேர்த்து எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். உள்ளே பெட்ரோல் வாசம் வந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் பாதி டேங்கோடு மாதக் கணக்கில் நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து, இண்டிகா டீசல் 2007:
ஊட்டியிலிருந்து இறங்கும்போது பர்லியாறு பக்கம் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. பயந்துபோய் நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிட்டது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார்.

பதில்:
சமதரையில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்க வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பழசானதும் அது 140 வரை இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது ஆயிலுக்குள் ஆவி உண்டாகிறது, ஆவியை அமுக்கினால் அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆறினால் பழையபடி. பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இது கட்டாயம். வண்டி நிற்கும்போதே பெடலை ஒரே அழுத்தில் பிடித்திருந்தால் மெதுவாகக் கீழே போகிறதா? அப்படியென்றால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரும் போய்விட்டது.

எந்த கியரில் இறங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் ஏராளம். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் எரியும். இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கினால் டீசல் போவது ஏறக்குறைய நின்றுவிடும், பிரேக்குக்கும் வேலை குறையும்.

தாராபுரத்திலிருந்து, ஸ்விஃப்ட் டீசல் 2010:
ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பினால் முன்னால் 'டக் டக் டக்'.

பதில்:
வெளிப்பக்க ஆக்சில் ஜாயின்ட். சக்கரத்தின் உள்பக்க ரிம்மில் கருப்பு கிரீஸ் தெறித்திருக்கும், பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து மண் போயிருக்கும். சத்தம் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

சூலூரிலிருந்து, ஐ10, 2011:
ஏசி போட்டால் இடது பக்கக் கால் மேட் நனைந்துவிடுகிறது.

பதில்:
நாக்கில் வைக்க வேண்டாம், விரலில் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசி டிரெயின் குழாயில் தூசி அடைத்திருக்கிறது, கீழிருந்து காற்றடித்தால் சரி. பிசுபிசுப்பும் தித்திப்பு வாசமும் இருந்தால் கூலன்ட் ஓடும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, கூலன்ட் அளவை உடனே பாருங்கள்.

காங்கேயத்திலிருந்து, அம்பாசடர்:
அப்பாரு வாங்கிய வண்டி, விற்க மனசில்லை. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய பார்ட் வாங்கிப் போடலாமா? எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

பதில்:
அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றது, எல்லாம் புதிதாகக் கிடைக்காது. கதவு, கண்ணாடி, பம்பர், சீட், மீட்டர் போர்டு, ஸ்டீல் ரிம் பழையதில் தாராளமாக வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்ட எதுவும், பெல்ட், ஹோஸ், ஸ்டீயரிங் ஜாயின்ட், டயர் இவையெல்லாம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் புதிதாகத்தான். ஸ்டார்ட்டரும் டைனமோவும் காயில் கட்டித் தருகிற கடைகள் இருக்கும்வரை கவலையில்லை, உங்களுடையதையே கட்டிக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் வாங்கினால் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, காற்றடித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள். கடைக்காரர் "அதெல்லாம் எதுக்குங்க, நல்ல மால்" என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.