முதியோர் இல்லத்தில் பொருள் காணவில்லையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நகையைப் பற்றியவை. சேர்க்கையன்று எழுதிய பொருள் பட்டியலின் நகல் ஒன்றில்கூட இல்லை.

அம்மாவின் தோடுகளில் ஒன்று காணாமல் போய் மூன்று வாரமாகிறது. சி.சி.டி.வி. பதிவு அழிந்துவிட்டது என்கிறார்கள். மறைக்கிறார்களா? (சென்னை வாசகி)

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பல இல்லங்களில் பதிவு பதினைந்து நாள் இருக்கும், மிஞ்சினால் ஒரு மாதம். பிறகு பழையதன்மேல் புதியது பதிந்துவிடும். தெரிந்த அன்றே, இன்ன தேதி இன்ன நேரத்துப் பதிவை எடுத்துவையுங்கள் என்று எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கியிருக்க வேண்டும்.

போனது ஒற்றைத் தோடு என்பதையும் கவனியுங்கள். திருடுகிறவர் பெரும்பாலும் ஜோடியாகத்தான் எடுப்பார். திருகாணி கழன்றிருக்கவே வாய்ப்பு அதிகம். தலையணை உறை, விரிப்பின் மடிப்பு, சலவைக்குப் போன மூட்டை, குளியலறைச் சல்லடை எல்லாம் பார்த்தார்களா? இன்றே மற்றக் காதின் திருகாணியையும் முடுக்கிப் பாருங்கள்.

பாட்டியின் செயின் காணவில்லை. உடனே வழி சொல்லவும். (ஊர் குறிப்பிடவில்லை)

எத்தனை சவரன்? ரசீது உண்டா? இல்லத்தில் எழுத்தில் புகார் கொடுத்தீர்களா? கடைசியாக அதைக் கழுத்தில் பார்த்தவர் யார், எப்போது? இதில் ஒன்றையும் எழுதாமல் வழி கேட்டால் நான் எங்கிருந்து சொல்வது? காணவில்லை என்று தெரிந்த நேரம் வேறு, காணாமல் போன நேரம் வேறு. கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்துதான் விசாரணை தொடங்கும். அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

நான் இல்ல மேலாளர். நாற்பது பேர் தங்கியிருக்கிறார்கள். ஒரு அம்மாவின் மோதிரம் போய்விட்டது. இரவுப் பணி ஆயாக்கள் மூன்று பேரின் பைகளைச் சோதித்தோம். சூடம் அணைத்துச் சத்தியமும் வாங்கினோம். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் சம்பளத்தில் பிடித்துக் குடும்பத்துக்குக் கொடுக்கலாமா? (கோவை)

கூடாது. நீங்கள் இதுவரை செய்ததும் விசாரணை ஆகாது.

ஊழியரிடம் குறிப்பாக ஒப்படைத்த பொருள், அவருடைய கவனக்குறைவால் தொலைந்தால் மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம். அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகு. ஒருவர் விரலில் கிடந்த மோதிரத்தை எந்த ஆயாவிடம் ஒப்படைத்தீர்கள்? மூன்று பேரில் யார் என்று தெரியாததால் மூவருக்கும் பிடித்தம் என்பது அநியாயம்.

இருபது ஆண்டுகளாக இதே காட்சியைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துவிட்டது. பொருள் போனதும் முதலில் திறக்கப்படுவது ஆயாவின் பை. அந்த அறைக்குள் பிசியோதெரபிஸ்ட் வந்துபோகிறார், குழாய் பழுது பார்ப்பவர் வருகிறார், பக்கத்து அறைக்காரரின் உறவினர்கள் வருகிறார்கள். சொந்தப் பிள்ளைகளும் வருகிறார்கள். மூத்த மகள் பத்திரப்படுத்த எடுத்துப்போன வளையலைத் தேடி இளைய மகன் காவல் நிலையம் வரை போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாருடைய பையையும் யாரும் திறப்பதில்லை.

ஓர் இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கும் மோதிரம்தான். அந்த அம்மா ஆறு மாதத்தில் பத்து கிலோ இளைத்திருந்தார். மோதிரம் நழுவாமலிருக்க அடிப்பக்கம் மஞ்சள் நூல் சுற்றியிருந்தார்கள். நான் போனபோது நான்காம் நாள். குளியலறைத் தரைச் சல்லடையைத் தூக்கி, முடியும் சோப்புமாகச் சேர்ந்திருந்த கட்டியைக் குச்சியால் பிரித்தேன். பாதி அவிழ்ந்த நூலோடு மோதிரம் வந்தது. அதற்குள் ஒரு ஆயா அவமானம் தாங்காமல் வேலையை விட்டுப் போயிருந்தார். அவரைத் திரும்ப அழைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அந்த நிர்வாகம் கேட்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த அம்மாவை உட்காரவைத்து, அவர் கண்ணெதிரே இரண்டு பேர் அறையை மூலை மூலையாகத் தேடுங்கள். எங்கே தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பணிப் பட்டியலையும் பார்வையாளர் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, அறைக்குள் போன எல்லோரையும் தனித்தனியாக விசாரியுங்கள். “எடுத்தாயா?” என்று கேட்காதீர்கள். “கடைசியாக எப்போது பார்த்தாய், கையில் இருந்ததா, தளர்ந்திருந்ததா?” என்று கேளுங்கள். அதன் பிறகும் திருட்டு என்றே தோன்றினால் காவல் நிலையத்துக்குப் போங்கள். ஊழியர் முதலாளி வசமுள்ள பொருளைத் திருடுவது பாரதிய நியாய சன்ஹிதா 306ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். அவ்வளவு பெரிய பழியைச் சூடத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

சேர்க்கைப் பட்டியலில் அந்த மோதிரம் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அப்பாவுக்கு மறதி நோய். வாரம் ஒருமுறை பர்ஸைத் திருடிவிட்டார்கள் என்கிறார். ஒவ்வொரு முறையும் தலையணைக்கடியில் இருக்கிறது. இனி கண்டுகொள்ளாமல் விடலாமா? (மதுரை)

விடக்கூடாது. இந்த நோயில் ஒளித்துவைப்பதும், வைத்ததை மறப்பதும், திருட்டு என்று நம்புவதும் சகஜம். வாதாடாதீர்கள், “வாங்கப்பா, சேர்ந்து தேடலாம்” என்று கூட நில்லுங்கள். அவர் வழக்கமாக ஒளிக்கும் இடங்களைச் சுவரில் எழுதி ஒட்டாமல் பணியாளர்களிடம் சொல்லிவையுங்கள். ஆனால் ஒவ்வொரு புகாரும் பதிவேட்டில் ஏறட்டும். மறதிக்காரர் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள் என்பது திருடுகிறவருக்கும் தெரியும். ஒன்பது முறை கிடைத்துப் பத்தாவது முறை கிடைக்காமல் போகலாம்.

அப்பாவின் ஏ.டி.எம். அட்டையிலிருந்து 18,000 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். ரகசிய எண்ணை அட்டை உறையிலேயே எழுதிவைத்திருந்தார். வங்கி தருமா?

தருவது கடினம். ரகசிய எண்ணை வெளியே விட்டது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று வங்கி சொல்லும். புகார் தரும் வரை போனது உங்கள் பொறுப்பு, அதன் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் முதலில் அட்டையை முடக்குங்கள், பிறகு இதைப் படியுங்கள். எந்த ஏ.டி.எம்., எத்தனை மணி என்று வங்கியில் வாங்கினால் காவல்துறை அங்குள்ள கேமராப் பதிவைக் கேட்க முடியும்.

காவல் நிலையத்தில் “இல்லத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். (திருச்சி)

எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமென்றால் ஆணையர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஹால்மார்க் நகையென்றால் ரசீதையும் நகையில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீட்டையும் சேருங்கள், அடகுக் கடையில் அடையாளம் காண அது உதவும். பழைய நகையென்றால் புகைப்படமும் எடையும். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567இலும் வழி கேட்கலாம்.

காது கேட்கும் கருவி ஒன்று காணவில்லை.

சலவை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு தலையணை உறை, சட்டைப் பை, கண்ணாடிக் கூடு.

அம்மாவின் புடவைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

உள்முந்தியில் வண்ண நூலால் அறை எண்ணைத் தைத்துவிடுங்கள். பேனா மை நாலு சலவைகூடத் தாங்காது.

பல்செட் சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போகிறது.

காகிதத்தில் சுற்றித் தட்டோரம் வைத்திருப்பார். சமையலறைக் குப்பையை வெளியே கொட்டுவதற்கு முன் ஓடுங்கள்.